எங்க வச்சுத் தெரிஞ்சேன்?

போடிமெட்டுக்கு ஏறுகிற மலைச்சாலையில் பதினேழு கொண்டை ஊசி வளைவுகள். பதினேழும் கோட்டைச்சாமிக்கு மனப்பாடம். எந்த வளைவில் இரண்டாவது கியர், எங்கே ஸ்டியரிங்கை முழுசாக ஒடிக்க வேண்டும், எங்கே ஊற்றுத் தண்ணீர் ரோட்டில் கசிந்து கிடக்கும் என்பதையெல்லாம் கண்ணை மூடிக்கொண்டு சொல்வேன் என்பார். இருபத்து மூன்று வருஷமாக ஜீப்பு ஓட்டுகிற மனுஷன் கொஞ்சம் பெருமையடித்துக்கொள்வதில் தப்பில்லை. ஆனால் அந்த வருஷம் ஆடி மாசத்திலிருந்து அவர் நிஜமாகவே பாதிக் கண்ணை மூடிக்கொண்டுதான் ஓட்டினார். அது அவர் ஒருத்தருக்கு மட்டும்தான் தெரியும்.

முதலில் எதிரே வருகிற வண்டி விளக்குகளுக்கெல்லாம் முடி முளைத்தது. ஒரு விளக்கு நாலாகப் பிரிந்து, ஓரமெல்லாம் பிசிறடித்து, கண்ணுக்குள் வந்து உட்கார்ந்துகொண்டது. சாயங்காலமானால் ரோட்டின் மேல் யாரோ கஞ்சித் தண்ணீரைக் கொட்டியது போல ஒரு வெளுப்பு. கோட்டைச்சாமி முன்கண்ணாடியைத் துடைத்தார். மழைத் தண்ணீர் ஒட்டாமல் வழியட்டும் என்று புகையிலையைக் கசக்கித் தேய்த்தார். ஹெட்லைட்டில் புது பல்பு மாட்டினார். கண்ணாடியும் பல்பும் பளபளவென்று ஆயின, ரோடு மட்டும் அப்படியே இருந்தது.

"அந்தக் கண்ணாடியப் போட்டு ஏன் இந்தத் தேய்ப்புத் தேய்க்கிறீக?" என்று அவர் மனைவி வேலுத்தாய் கேட்டாள்.

"மல அழுக்கு. உனக்கென்ன தெரியும்?"

மலைக்கு என்ன அழுக்கு? பொய்தான். அவருக்குச் சர்க்கரை வியாதி வந்த புதிதிலேயே டாக்டர் ஒரு சீட்டு எழுதிக் கொடுத்து, வருஷத்துக்கு ஒருதரம் கண்ணைக் காட்டச் சொல்லியிருந்தார். அந்தச் சீட்டு மூன்று வருஷமாக ஜீப்பு சீட்டுக்கு அடியில் ஸ்பானரோடு கிடந்தது.

விடிவதற்கு முன்பே ராசிங்காபுரத்துப் பெண்கள் பன்னிரண்டு பேர் அவர் ஜீப்பில் ஏறுவார்கள், ஏலத்தோட்டத்துக்குக் காய் எடுக்க. முன்சீட்டில் வேலுத்தாயும் மொக்கம்மாளும். மற்ற பத்துப் பேர் பின்னால், எப்படி உட்கார்ந்தார்கள் என்று கேட்கக் கூடாது. சாயங்காலம் அதே பன்னிரண்டு பேரை இருட்டோடு இறக்கிக் கொண்டுவர வேண்டும். கோட்டைச்சாமிக்குக் கண் மங்குகிறது என்று ஒருத்தர் வாயிலிருந்து வந்தால் போதும், மறுநாள் ஒருத்தி அந்த ஜீப்பில் ஏற மாட்டாள். ஏறாமல் இருப்பதுதான் நியாயமும்கூட. அந்த நியாயம் அவருக்கும் தெரிந்திருந்தது, அதனால்தான் வாயைத் திறக்கவில்லை.

மலையில் ஜீப்பு ஓட்டுகிறவர்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. இருட்டில் வளைவை நெருங்கும்போது வண்டியை மெதுவாக்கி, ஒரு விநாடி தன் ஹெட்லைட்டை அணைத்துவிடுவார்கள். தன் வெளிச்சம் போனால்தான் எதிராளியின் வெளிச்சம் தெரியும். கீழேயிருந்து ஏதாவது வண்டி ஏறி வந்தால் அதன் வெளிச்சம் வளைவுப் பாறையில் அடிக்கும். பாறை வெளுத்திருந்தால் நிற்கணும், கறுத்திருந்தால் போகலாம். ஹாரனைக்கூட நம்ப மாட்டார்கள், பாறையை நம்புவார்கள்.

ஐப்பசியில் ஒரு சாயங்காலம், மணி ஆறே முக்கால் இருக்கும். பதினோராவது வளைவில் கோட்டைச்சாமி விளக்கை அணைத்துப் பார்த்தார். பாறை கறுப்பாகத்தான் இருந்தது. அவர் கண்ணுக்கு அப்படித்தான் பட்டது. விளக்கைப் போட்டுத் திரும்பினார்.

திரும்பிய இடத்தில் ஒரு பெண் நெட்டுக்குத்தாக நின்றபடியே மேலே ஏறி வந்துகொண்டிருந்தாள். நடக்கவில்லை. கால் அசையவே இல்லை. பிடித்துக்கொள்ள ஹேண்டில்பாரும் இல்லை.

அவர் பிரேக்கை மிதித்த மிதியில் பின்னால் இருந்த பத்துப் பேரும் ஒருத்தர் மடியில் ஒருத்தர் விழுந்தார்கள். அந்தப் பெண் குதித்து ஓடி மண்மேட்டில் முட்டி தேய விழுந்தாள். அவள் நின்று வந்த சக்கரம் தனியாக உருண்டுபோய் ஓரத்து ஓடையில் சாய்ந்து, விளக்கோடு புல்லைப் பார்த்துக்கொண்டு கிடந்தது.

அவள் பேர் நிலா. போடிக்காரி, முப்பது வயசு. மலை மேல் ஏலக்காய் ஸ்டோர்களில் பச்சைக் காயை உலர்த்துகிற அறைக்குச் சூட்டை ஏற்றி இறக்குகிற கரண்டுப் பெட்டிகள் இருக்கும். அவற்றை ரிப்பேர் பார்ப்பதுதான் அவள் சோலி. பகலில் எடுத்த காயைச் சாயங்காலம்தான் அறையில் ஏற்றுவார்கள் என்பதால் ஜீப்புகள் இறங்குகிற நேரத்தில் அவள் ஏறியாக வேண்டும். பெங்களூரில் வேலை பார்த்தபோது வாங்கிய ஒற்றைச் சக்கர வண்டி அது. இரண்டு பக்கமும் மிதிகட்டை, நடுவில் ஒரே சக்கரம், பேட்டரியில் ஓடும். முன்னால் சாய்ந்தால் போகும், பின்னால் சாய்ந்தால் நிற்கும். ஸ்கூட்டர் போகாத தோட்டத்து ஒற்றையடிப் பாதையிலும் ஏறும், ஏறாத இடத்தில் கைப்பிடியைப் பிடித்து இழுத்துக்கொண்டு போகலாம். போடியில் அதைப் பார்த்து வாயைப் பிளக்காத ஆள் இல்லை.

"ஏத்தா, இது ரோடா, இல்ல ஒங்க வீட்டு மொட்டமாடியா?" கோட்டைச்சாமி இறங்கி வந்து கத்தினார். பயத்தை மறைக்கத்தான் அத்தனை சத்தம். "முட்டிக்குக் கீழ ஒரு வெளக்க வச்சுக்கிட்டு வந்தா எவன் கண்ணுக்குத் தெரியும்?"

"தெரியலயாண்ணே? பாறையில அடிச்சிருக்கணுமே."

"தெரிஞ்சிருந்தா நான் ஏன் இந்த மிதி மிதிக்கிறேன்?"

மறுநாள் போடி ஜீப் ஸ்டாண்டில் இதுதான் பேச்சு. கோட்டைச்சாமி சொல்லச் சொல்ல அந்தச் சக்கரத்தின் விளக்கு சிறுத்துக்கொண்டே போனது. காலையில் டார்ச் லைட்டு அளவு இருந்தது, மதியத்துக்குள் மின்மினிப்பூச்சி ஆகிவிட்டது. கேட்டவர்கள் எல்லாம் அவர் பக்கம். ஒரு எஸ்டேட் மேனேஜர் நிலாவுக்குப் போன் போட்டு, இனி அந்தச் சக்கரத்தில் வருவதாக இருந்தால் வரவே வேண்டாம் என்று சொல்லிவிட்டார்.

அந்த நேரத்தில் நிலாவே ஸ்டாண்டுக்கு வந்தாள், முட்டியில் கட்டோடு. சண்டைக்குத்தான் வருகிறாள் என்று எல்லாரும் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள்.

"நீங்க சொன்னது சரிதாண்ணே," என்றாள். "ரோட்டுல நான் தெரியலன்னா தப்பு என்மேலதான். தெரியிற மாதிரி பண்ணிக்கிட்டு வர்றேன். ஆனா ஒரு ஒத்தாச பண்ணணும். என் வெளிச்சம் எதிர்ல இருக்கவுகளுக்கு எப்பிடித் தெரியுதுன்னு எனக்குத் தெரியாது. தெனம் வந்து கேப்பேன், எங்க வச்சுத் தெரிஞ்சேன்னு. உள்ளத உள்ளபடி சொல்லணும்."

கோட்டைச்சாமிக்குச் சுருக்கென்றது. அவள் சண்டை போட்டிருந்தால் நிம்மதியாக இருந்திருக்கும். தப்பு என்மேல்தான் என்று ஒருத்தி பத்துப் பேர் முன்னால் சொல்லும்போது, இல்லை என்மேல் என்று சொல்ல நாக்கு எழவில்லை. "பாப்போம், பாப்போம்" என்று மென்று முழுங்கினார்.

அன்றிலிருந்து அவள் விடவில்லை. முதலில் ஹெல்மெட்டில் ஒரு விளக்கு. பிறகு கணுக்காலில், வண்டி வெளிச்சம் பட்டால் மின்னுகிற பட்டை. மறுநாள் ஸ்டாண்டில் கேட்டாள், "எங்க வச்சுத் தெரிஞ்சேன்?"

அருள்பாண்டி என்கிற டிரைவர் சொன்னான், "தெரிஞ்சியே. ஆனா நீன்னு தெரியல. நீதான் நின்ன கால் நின்னபடி வர்றியே, ரோட்டோரத் தடுப்புச் சொவத்துல மின்னுற வில்லை பதிச்சிருக்குல்ல, அதுன்னு நெனச்சுட்டேன்."

நிலாவுக்கு ஒரே சந்தோஷம். இதைத்தானே அவள் கேட்டாள். பட்டையைக் காலிலிருந்து கழற்றிக் கைகளில் கட்டி, வளைவு வந்தால் கையை மேலும் கீழும் அசைத்துக்கொண்டு வந்தாள். முதுகில் தொங்கிய டூல்ஸ் பை பின்பக்கச் சிவப்பு விளக்கை மறைக்கிறது என்று இன்னொருத்தர் சொன்னார். விளக்கைப் பைமேலேயே தைத்துவிட்டாள். பக்கவாட்டில் இருந்து பார்த்தால் ஒன்றுமே தெரியவில்லை என்றார்கள். சக்கரத்தின் இரண்டு பக்கமும் மஞ்சள் சீரியல் லைட்டு ஓடவிட்டாள். கார்த்திகை பிறப்பதற்குள் அவள் மலை ஏறுவதைப் பார்க்கத் தேர் கிளம்பியது போல ஆகிவிட்டது.

"சாமி எங்கத்தா? சப்பரம் மட்டும் வருது?" என்று மொக்கம்மாள் ஜீப்பிலிருந்து கேலி பண்ணினாள். வேண்டாம் என்று சொன்ன மேனேஜரும், ஸ்டோர் வாசலில் நின்று அவள் வருகிற வெளிச்சத்தைத் தூரத்திலேயே பார்த்துவிட்டு, பேசாமல் கேட்டைத் திறந்துவிட்டார்.

ஒவ்வொரு பதிலையும் நிலா போனில் பேர் போட்டு எழுதிக்கொண்டாள். அருள்பாண்டி, இரண்டு வளைவு முன்னாலேயே. இன்னொருத்தர், புலியூத்து அருவியைத் தாண்டினதுமே. கோட்டைச்சாமி பேருக்கு நேரே மட்டும் தினமும் ஒரே பதில், "கிட்ட வந்த பெறகுதான்." அவர் அதில் பொய் சொல்லவில்லை, பாவம். உள்ளதைத்தான் சொன்னார்.

ஒரு மதியம் லோடு இல்லாத நேரம். கோட்டைச்சாமி ஸ்டாண்டில் தனியாக முன்கண்ணாடிக்குப் புகையிலை தேய்த்துக்கொண்டிருந்தார். நிலா வந்து பக்கத்தில் நின்றாள். கொஞ்ச நேரம் அந்தத் தேய்ப்பைப் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"அண்ணே, மழை இல்லயே?"

"வந்தா?"

"என் வெளக்குல இனி சேக்குறதுக்கு ஒண்ணும் இல்லண்ணே. எல்லாருக்கும் ரெண்டு வளைவுக்கு முன்னாடியே தெரியிறேன். ஒங்களுக்கு மட்டும் கிட்ட வந்தாத்தான் தெரியிறேன்." அவள் குரலைத் தாழ்த்திக்கொண்டாள். "கண்ணக் காட்டுனீங்களாண்ணே?"

கோட்டைச்சாமிக்குப் பயம் கோபமாக வாய்வழியே வந்தது. "என் கண்ணுக்கு என்ன கேடு? நேத்து வந்த சக்கரத்துக்காரி எனக்குச் சொல்றியா? இருபத்து மூணு வருஷத்துல ஒரு கீறல் விழுந்துருக்கா இந்த வண்டியில? போத்தா, போயி உன் சோலியப் பாரு!"

அவள் போகவில்லை. "நான் யார்ட்டயும் சொல்லலண்ணே. நீங்க சொன்னாத்தான் மரியாத. ஆனா நாளைக்குள்ள நீங்க சொல்லலன்னா வேலுத்தாயக்காட்ட நான் சொல்லிருவேன். நீங்க என்ன எவ்வளவு திட்டினாலும் பரவாயில்ல. அந்த ஜீப்புல பன்னெண்டு பேரு உக்காந்துருக்காக." சொல்லிவிட்டு, சக்கரத்தின் மேல் ஏறிச் சத்தமில்லாமல் போய்விட்டாள்.

நாலு மணிக்கு வெறும் வண்டியை மலைக்கு ஏற்றும்போது வழி முழுக்க அவளைத் திட்டிக்கொண்டே போனார். படித்த திமிர் என்றார். பெங்களூர்த் திமிர் என்றார். ஆறாவது வளைவு வரைக்கும் திட்ட விஷயம் இருந்தது. அப்புறம் விஷயம் தீர்ந்துபோய், அவள் சொன்னது மட்டும் மிச்சம் இருந்தது.

அன்றைக்குப் பார்த்துப் பனிமூட்டம். தோட்டத்தில் பெண்களை ஏற்றும்போதே மேகம் காலடியில் வந்து படுத்துவிட்டது. வேலுத்தாய் முன்சீட்டில் முந்தானையைத் தலையில் இழுத்துப் போட்டுக்கொண்டு, "வெரசாப் போவோம், அடுப்புல ஒண்ணும் வைக்கல" என்றாள். கோட்டைச்சாமி மனப்பாடத்தை நம்பி இறங்கினார். மேல் வளைவுகள் கைப்பழக்கத்திலேயே கடந்தன. வெளியே ஹெட்லைட்டு வெளிச்சம் மூட்டத்தில் மோதித் திரும்பி வந்து, வெள்ளை வேட்டியைக் கட்டித் தொங்கவிட்ட மாதிரி நின்றது. பின்னால் பெண்கள் யார் வீட்டுக் கல்யாணத்தையோ பேசிச் சிரித்துக்கொண்டிருந்தார்கள். அந்தச் சிரிப்பைக் கேட்கக் கேட்க அவர் வேகத்தை இன்னும் குறைத்தார்.

பதினோராவது வளைவு. வண்டியை நிறுத்துகிற அளவுக்கு மெதுவாக்கி, விளக்கை அணைத்தார்.

பாறை இருக்க வேண்டிய இடத்தில் ஒரு வெளுப்பு. மூட்டமா, வெளிச்சமா? அவருக்குத் தெரியவில்லை. நேற்றாக இருந்தால் மூட்டம்தான் என்று சொல்லிக்கொண்டு திருப்பியிருப்பார். நான்கு மாசமாக அப்படித்தான் சொல்லிக்கொண்டு திருப்பினார். இன்றைக்குக் கால் கிளட்சை விட்டு வரவில்லை.

"வேலு," என்றார். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் ரோட்டைப் பற்றி அவளிடம் கேட்டதே இல்லை. "பாறையில வெளிச்சம் இருக்கா?"

தன்னைச் சோதிக்கிறார் என்று நினைத்து வேலுத்தாய் சிரித்தாள். "பளிச்சுனு அடிக்குதே. ஏன், ஒங்களுக்குத் தெரியலயா?"

கோட்டைச்சாமி ஸ்டியரிங்கைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார்.

"தெரியல."

அதற்குள் வெளிச்சம் திரும்பியது. முதலில் நிலாவின் சக்கரம், அதற்குப் பின்னால் அருள்பாண்டியின் ஜீப்பு, தோட்டத்துக்கு அரிசி மூட்டை ஏற்றிக்கொண்டு வளைவை முழுசாக அடைத்து வந்தது. கோட்டைச்சாமி திருப்பியிருந்தால் எந்த இடத்தில் இருந்திருப்பாரோ, சரியாக அந்த இடத்தில் வந்தது.

ஜீப்புக்குள் கல்யாணப் பேச்சு நின்றுபோனது.

கோட்டைச்சாமி இறங்கினார். மட்கார்டைப் பிடித்துக்கொண்டு நின்றார். சாவியை உருவி அருள்பாண்டியிடம் நீட்டினார். சொந்த ஜீப்பின் சாவியை இன்னொரு டிரைவர் கையில் கொடுக்கிற மலை டிரைவரை யாரும் பார்த்திருக்க முடியாது.

"தம்பி, இவுகள நீ எறக்கிக் குடு. எனக்குக் கண்ணு தெரியல. ஆடியிலருந்தே தெரியல."

சொல்லி முடித்ததும் அழுகை வந்துவிட்டது. துண்டால் முகத்தை மூடிக்கொண்டு ஓரமாகத் திரும்பிக்கொண்டார். நிலா ஹெல்மெட்டைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு நின்றாள்.

அருள்பாண்டி தன் வண்டியை அகலமான இடமாகப் பார்த்து ஒதுக்கி, பார்க்கிங் விளக்கைப் போட்டான். "அரிசி மூட்டை பத்திரமா இருக்கும். காட்டெரும வந்து பொங்கித் தின்னாத்தான் உண்டு" என்று சொல்லிக்கொண்டே கோட்டைச்சாமி சீட்டில் ஏறினான். ஏறி விளக்கைப் போட்டதும் அவன் கேலி அடங்கிவிட்டது. "ஒரு எழவும் தெரியலயேண்ணே. வெள்ளையா செவுரு நிக்குது. வரும்போது நிலா பின்னாடியே பிடிச்சு வந்துட்டேன்."

"இப்பயும் அப்பிடியே வாங்க," என்றாள் நிலா. "ஒங்க வெளக்கு ஒசரத்துல இருக்கு, மூட்டத்துல அடிச்சு நம்ம கண்ணுக்கே திரும்பி வருது. என்னோடது முட்டிக்குக் கீழ. ரோட்டத் தொட்டுக்கிட்டே போகும்."

முட்டிக்குக் கீழே என்று கோட்டைச்சாமி ஸ்டாண்டு பூராவும் கேலி பேசித் திரிந்த அதே விளக்கு. நிலா ஸ்டோருக்குப் போன் போட்டு, வர நேரமாகும் என்றாள். ஹெல்மெட் விளக்கை அணைத்தாள், சீரியல் லைட்டை அணைத்தாள். பையில் மினுக்கிக்கொண்டிருந்த சிவப்பு விளக்கை மினுக்காமல் நின்று எரியும்படி மாற்றினாள். அருள்பாண்டி தன் வெளிச்சத்தைத் தாழ்த்திக்கொண்டான். மொக்கம்மாள் பின்னால் போய் இடித்துப் பிடித்து உட்கார, கோட்டைச்சாமி இடது ஓரச் சீட்டில் ஏறினார். ஆள் நடக்கிற வேகத்தில் ஜீப்பு இறங்கியது.

கோட்டைச்சாமிக்கு ரோடு தெரியவில்லை, பாறை தெரியவில்லை. முன்னால் ஒரு சிவப்பு மட்டும் செம்பருத்திப் பூ அளவுக்கு விரிந்து, பிசிறடித்துக்கொண்டு போவது தெரிந்தது. அதைப் பிடித்துக்கொண்டு மனசுக்குள் வளைவுகளை எண்ணினார். எண்ணிக்கை தப்பவில்லை. தலையை வெளியே நீட்டி, "ஏத்தா, அடுத்த வளைவுல ஊத்துத் தண்ணி கசியும், வழுக்கும், வலது கைப் பக்கமா ஒதுங்கிப் போ!" என்று கத்தினார். முன்னால் மின்னுகிற பட்டை கட்டிய கை ஒன்று உயர்ந்து, கேட்டுவிட்டது என்று ஆடியது. அருள்பாண்டி அந்தக் கையைப் பார்த்துத் திருப்பினான்.

மூன்று வளைவு போயிற்று. பின்னாலிருந்து மொக்கம்மாள் குரல் வந்தது.

"இத்தன நாளும் எங்கள வச்சுக்கிட்டு இப்பிடித்தான் ஓட்டுனியா கோட்டச்சாமி?"

"ஆமாக்கா."

"எங்க வீட்டுல ரெண்டு பிள்ளைக இருக்குன்னு உனக்குத் தெரியும்ல?"

"தெரியும்."

மொக்கம்மாள், "இன்னிக்காவது சொல்லித் தொலச்சியே" என்றாள். மன்னித்துவிட்டாள் என்று சொல்ல முடியாது. ஆனால் அடுத்த வளைவில், "தண்ணி இருக்கா, கசிவு இருக்கா, ஒழுங்காப் பாத்துச் சொல்லு" என்று அவரை அதட்டியதும் அவள்தான்.

மலையடிவாரத்தில் முந்தல் வந்ததும் மூட்டம் விலகியது. அதுவரை முந்தானையை வாயில் கடித்துக்கொண்டிருந்த வேலுத்தாய் அங்கே இறங்கியதும் புருஷனை ஒரு பிடி பிடித்தாள். என்னிடம்கூடச் சொல்லவில்லையே, நான் என்ன ஜீப்பில் ஏற்றின மூட்டையா என்று அழுதாள். கோட்டைச்சாமி தலையைக் குனிந்துகொண்டு முழுசையும் வாங்கிக்கொண்டார். திட்டு வாங்க வாங்க மார்பில் இருந்த பாரம் இறங்குவது அவருக்கே ஆச்சரியமாக இருந்தது.

ரிப்பேரான கண்ணைச் சரி பண்ண முடியும் என்பதே மதுரைக்குப் போன பிறகுதான் அவருக்குத் தெரிந்தது. போடியில் ரயிலேறிப் போய், ஒரு கண்ணுக்குக் கார்த்திகையிலும் இன்னொரு கண்ணுக்கு மார்கழியிலும் புரை எடுத்துக்கொண்டு வந்தார். ஸ்பானரோடு கிடந்த பழைய சீட்டைப் பார்த்துவிட்டு அங்கிருந்த டாக்டரம்மா சிரித்தார்களாம். கண் தெளிகிற வரைக்கும் ஜீப்பை ஈஸ்வரன் என்கிற டிரைவர் ஓட்டினான். இனி ஒருத்தியும் ஏற மாட்டாள் என்று எதை நினைத்து நான்கு மாசம் பயந்தாரோ, அது நடக்கவில்லை. தை பிறந்து டாக்டர் இரவில் ஓட்டலாம் என்று எழுதிக் கொடுத்தபோது, மொக்கம்மாள் அந்தக் காகிதத்தை வாங்கி, எழுத்துத் தெரிந்த பெண்ணிடம் கொடுத்து உரக்கப் படிக்கச் சொன்னாள். கேட்டுவிட்டுத்தான் ஏறினாள். மற்றவர்கள் அவளுக்குப் பின்னால் ஏறினார்கள்.

அன்று மதியம் ஸ்டாண்டில் கூட்டமாக இருக்கும்போது கோட்டைச்சாமி நிலாவைக் கூப்பிட்டு நிறுத்தினார். எந்த இடத்தில் நின்று மின்மினிப்பூச்சி என்று சொன்னாரோ, அதே இடம்.

"எல்லாரும் கேட்டுக்கங்க. அன்னிக்குத் தப்பு இந்தப் பிள்ள மேல இல்ல. என் மேல. தெரிஞ்சுக்கிட்டேதான் இவ தலையில கட்டுனேன்." பிறகு அவளிடம் திரும்பினார். "ஆத்தா, எனக்கு ஒண்ணு பாக்கணும். இன்னிக்குச் சாயங்காலம் பதினோராவது வளைவுக்கு வரும்போது, அந்த முட்டி வெளக்க மட்டும் எரியவிட்டு வர்றியா? அன்னிக்கு மாதிரியே."

"மத்த வண்டியும் வருமேண்ணே," என்று நிலா தயங்கினாள். யோசித்துவிட்டு, "பின்னாடி செவப்பு எரியட்டும். மத்தத வளைவுக்குக் கிட்ட வந்ததும் அணைக்கிறேன். நீங்க மேல நின்னுக்கிட்டு வண்டி எதையும் விடாதீக" என்றாள்.

ஆறே முக்காலுக்குக் கோட்டைச்சாமி பதினோராவது வளைவுக்கு மேலே ஜீப்பை நிறுத்தி, விளக்கை அணைத்தார். பன்னிரண்டு பேரும் தலையை நீட்டிப் பாறையைப் பார்த்தார்கள். குளிர் தெளிவாக இருந்தது. கீழே போடியின் விளக்குகள் ஒவ்வொன்றும் தனித்தனியாக, முடி முளைக்காமல் எரிந்தன.

பாறை கறுப்பாக இருந்தது. பார்த்துக்கொண்டே இருந்தார். பாறையின் அடியில், ரோட்டைத் தொடுகிற இடத்தில், ஒரு சாண் உயரத்துக்கு மஞ்சளாக ஒரு வெளிச்சம் விழுந்தது. மெல்ல நகர்ந்தது. ஒரு காட்டுச் செடியின் இலை ஒவ்வொன்றாகத் தெரிந்தது. அவர் மனசுக்குள் எண்ணினார். இருபது எண்ணின பிறகுதான் சக்கரச் சத்தமே கேட்டது. இருபது எண்ணுகிற நேரத்தில் மூன்று ஜீப்பை நிறுத்திவிடலாம்.

நிலா வளைவு திரும்பி வந்து ஜீப்புக்குப் பக்கத்தில் நின்றாள். ஹெல்மெட் விளக்கையும் சீரியல் லைட்டையும் மறுபடி எரியவிட்டாள். போனைக் கையில் எடுத்துக்கொண்டாள்.

"எங்க வச்சுத் தெரிஞ்சேன்ணே?"

கோட்டைச்சாமி பாறையைக் கை காட்டினார். "பாறைக்கு அடியில, ஒரு சாண் வெளிச்சம். நீ வளைவுக்கு வர்றதுக்கு ரொம்ப முன்னாடியே தெரிஞ்ச." பிறகு கேட்டார், "அன்னிக்கும் இது இருந்துருக்கும்லத்தா?"

நிலா பொய் சொல்லவில்லை. "இருந்துச்சுண்ணே."

அவர் தலையை ஆட்டினார். "எழுதிக்க," என்றார். அவள் எழுதிக்கொண்டாள். பின்னாலிருந்து மொக்கம்மாள், "சப்பரம் கெளம்பட்டும், எங்களுக்குச் சோறாக்கணும்" என்று சத்தம் கொடுத்தாள். நிலா கையை அசைத்துக்கொண்டு மேலே ஏறினாள். அவளுடைய சிவப்பு விளக்கு அடுத்த வளைவில் திரும்பி மறைகிற வரைக்கும் கோட்டைச்சாமி கண்ணாடியில் பார்த்துக்கொண்டே இருந்துவிட்டு, பிறகு கியரைப் போட்டு இறங்கினார்.